பிரான்சின் சரளைப்பாதை மிதிவண்டி வழித்தடங்கள்

பிரான்சின் சரளைப்பாதை மிதிவண்டி வழித்தடங்கள் என்பவை, பிரான்சு நாட்டின் நாட்டுப்புறங்களிலும் காடுகளிலும் உள்ள தார் இடப்படாத பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, மிதிவண்டியில் நெடுந்தூரம் செல்வதற்கென வகுக்கப்பட்ட வழிகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை மிதிவண்டிக்காக அமைக்கப்பட்டவை அல்ல. பழைய மாட்டுவண்டித் தடங்கள், மரம் ஏற்றிச் செல்லும் காட்டுச் சாலைகள், கால்வாய்க் கரைகள், கைவிடப்பட்ட தொடருந்துப் பாதைகள் ஆகியவையே இவ்வழித்தடங்களின் பகுதிகளாக உள்ளன. ஆகவே ஒரு வழித்தடம் நிலைத்திருப்பது, அதன் ஒவ்வொரு துண்டும் யாருக்குச் சொந்தம் என்பதையும் அதில் செல்லப் பொதுமக்களுக்கு உள்ள உரிமையையும் பொறுத்தது.

மிதிவண்டியின் அமைப்பு

சரளைப்பாதை மிதிவண்டி தோற்றத்தில் பந்தய மிதிவண்டியை ஒத்தது. கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். பந்தய மிதிவண்டியின் டயர் பொதுவாக 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. சரளைப்பாதை மிதிவண்டியின் டயரோ 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமானது. அகலமான டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்கலாம். அழுத்தம் குறையும்போது டயர் கல்லின் வடிவத்திற்கேற்ப வளைந்து கொடுக்கிறது. இதனால் அதிர்வு குறைந்து பிடிமானம் கூடுகிறது. பல வண்டிகளில் உட்குழாய் இராது. அதற்குப் பதிலாக ஊற்றப்படும் பால் போன்ற திரவம், சிறு துளைகளைத் தானாகவே அடைத்துவிடும். செங்குத்தான மண்பாதைகளில் ஏறுவதற்காகக் குறைந்த பற்சக்கர விகிதமும், சேற்றிலும் இயங்கும் டிஸ்க் பிரேக்குகளும் பொருத்தப்படுகின்றன.

வரலாறு

இவ்வகை மிதிவண்டி தனிப் பெயருடன் புகழ்பெற்றது ஐக்கிய அமெரிக்காவிலாகும். கான்சசு மாநிலத்தில் 2006 இல் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் இதில் பெரும்பங்கு வகித்தது. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் முதலாவது சரளைப்பாதை உலகப் போட்டி 2022 இல் இத்தாலியில் நடைபெற்றது.

எனினும், கரடுமுரடான பாதைகளில் பயணம் செய்யும் வழக்கம் பிரான்சில் மிகப் பழையது. வெலோசியோ என்னும் புனைபெயரால் அறியப்பட்ட போல் தெ விவீ (1853–1930), செந்த்-எத்தியேன் நகரில் இருந்து பல்விகித பற்சக்கரங்களுக்காகத் தொடர்ந்து வாதாடினார். தூர் தெ பிரான்சு பந்தயத்தில் பற்சக்கர மாற்றி 1937 இல்தான் அனுமதிக்கப்பட்டது. சுற்றுலா மிதிவண்டியினரோ அதற்கு முன்பே அதனைப் பயன்படுத்தி வந்தனர். அவர்கள் விரும்பிய 650பி என்னும் சக்கர அளவு, இன்றைய சரளைப்பாதை மிதிவண்டிகள் சிலவற்றிலும் காணப்படுகிறது.

பாதைகளின் வகைகள்

* ஊரகப் பாதை (ஷ்மான் ருரால்): கொம்யூன் எனப்படும் உள்ளூராட்சிக்குச் சொந்தமானது. பொதுமக்களின் பயன்பாட்டிற்கு உரியது.
* வேளாண் பயன்பாட்டுப் பாதை (ஷ்மான் தெக்ஸ்ப்ளுவாத்தாசியோன்): இருபுறமும் உள்ள நிலங்களின் உரிமையாளர்களுக்குப் பொதுவானது. பிறர் நுழைவதை அவர்கள் தடுக்கலாம். கண்ணால் பார்த்து இதனை ஊரகப் பாதையிலிருந்து வேறுபடுத்துதல் கடினம்.
* அரசுக் காட்டுப் பாதை: 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான தேசியக் காட்டு அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது. பாதைகளை விட்டு விலகி மரங்களிடையே வண்டி ஓட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது.
* கால்வாய்க் கரைப் பாதை: குதிரைகள் படகுகளை இழுத்துச் சென்ற பாதையாகும்.
* பசுமை வழி (வுவா வெர்த்): இயந்திர ஊர்திகளுக்கு அனுமதி இல்லாத வழி. 2004 இல் பிரெஞ்சுச் சாலை விதிகளில் சேர்க்கப்பட்டது. பழைய தொடருந்துப் பாதையில் ஷிவ்ரி, குளுனி ஆகிய ஊர்களை இணைத்து 1997 இல் திறக்கப்பட்ட வழி இவற்றுள் முன்னோடியாகும்.

நிலமும் மண்ணும்

பாதையின் தன்மை அதன் அடியிலுள்ள பாறையைப் பொறுத்தது. ஷம்பாஞ் பகுதியில் சுண்ணப்பாறை காரணமாகப் பாதைகள் வெண்மையாகக் காணப்படும். அவை கோடையில் இறுகியிருக்கும், மழையில் வழுக்கும். பிக்கார்தியில் சுண்ணப்பாறையினுள் உள்ள தீக்கற்கள் உடைந்து கூர்மையாவதால் டயர்களைக் கிழிக்கின்றன. மொர்வான், பிரெத்தாஞ் பகுதிகளின் கருங்கல் நிலத்தில் நீர் விரைவாக வடிகிறது. ஃபோன்டென்புளோ காட்டின் நுண்மணலிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருமளவில் பைன் மரங்கள் நடப்பட்ட லாந்த் காட்டின் மணலிலும் சக்கரம் புதைவதுண்டு.

குறிப்பிடத்தக்க இடங்கள்

பாரிசுக்கு வடகிழக்கே உள்ள கொம்பியேன் காடு ஏறத்தாழ 14,000 எக்டேர் பரப்புடையது. முதல் உலகப்போரை நிறுத்திய உடன்படிக்கை 1918 நவம்பர் 11 அன்று இக்காட்டின் வெட்டவெளி ஒன்றில் கையெழுத்தானது. அரச வேட்டைக்காக வெட்டப்பட்ட நேர்ப்பாதைகள் விண்மீன் வடிவச் சந்திப்புகளில் கூடுகின்றன. சந்திப்புகளிலுள்ள வெண்ணிறக் கைகாட்டிக் கம்பங்களில் ஒரு சிவப்புக் குறி இருக்கும். அக்குறி கொம்பியேன் அரண்மனை உள்ள திசையைக் காட்டுகிறது. வழி தவறியவர்க்கு இன்றும் இது பயன்படுகிறது.

தெற்கே, துலூசு நகரிலிருந்து நடுநிலக் கடலோரம் வரை சுமார் 240 கிலோமீட்டர் நீளும் மிடி கால்வாய், 1666 முதல் 1681 வரை பியேர்-போல் ரிக்கே என்பவரின் தலைமையில் வெட்டப்பட்டது. 1996 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. இதன் கரைகளில் நிழல் தந்த பிளேன் மரங்களை 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் தாக்கி வருவதால், பல்லாயிரம் மரங்கள் வெட்டப்பட்டுப் புதிய மரங்கள் நடப்படுகின்றன.

மொர்வானிலிருந்து நடுநிலக் கடல் வரை செல்லும் நடுமலைத்தொடர்ப் பெருவழி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளமானது. பிரெத்தாஞ் பகுதியில் 1984 முதல் நடைபெறும் திரோ-புரோ லெயோன் பந்தயம், ரிபினு எனப்படும் பண்ணைத் தடங்களின் வழியாகச் செல்கிறது.

பாதைகளின் மீதான உரிமை

ஊரகப் பாதைகள் 1881 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டன. கொம்யூனுக்குச் சொந்தமாயினும், சட்டப்படி இவை பொதுச் சாலைகள் அல்ல. கொம்யூனின் தனிச்சொத்தாகவே கருதப்படுகின்றன. இதனால் இருவகை இடர்கள் எழுகின்றன. முதலாவதாக, ஒரு பாதையைப் பொதுமக்கள் பயன்படுத்துவது நின்றுவிட்டால், பொது விசாரணைக்குப் பின் கொம்யூன் அதனை விற்கலாம். இரண்டாவதாக, அண்டை நிலத்தவர் ஒருவர் பாதையை 30 ஆண்டுகள் தடையின்றித் தம் நிலம்போல் ஆண்டு வந்தால் அதற்கு உரிமை கோரலாம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் சிறு வயல்கள் இணைத்துப் பெரிதாக்கப்பட்டபோது ஏராளமான பாதைகள் உழப்பட்டு மறைந்தன.

இதற்கு எதிரான காப்பும் சட்டத்திலேயே உள்ளது. ஒரு பாதையில் மக்கள் வழக்கமாகச் சென்று வருதல், அது பொதுப் பயன்பாட்டிற்குரியது என்று கருதுவதற்கு அடிப்படையாகும். அதாவது நடப்போரும் மிதிவண்டியினரும் ஒரு பாதையைப் பயன்படுத்துவதே அப்பாதையைக் காக்கும் வழிகளுள் ஒன்றாகும். 1983 முதல் மாவட்ட அளவிலான நடைவழித் திட்டங்களில் பாதைகள் பதிவு செய்யப்படுகின்றன. பதிவான ஊரகப் பாதையை விற்க வேண்டுமாயின் அதற்கு ஈடான மாற்றுப் பாதை அளிக்கப்பட வேண்டும். 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொம்யூன் தன் ஊரகப் பாதைகளைக் கணக்கெடுக்கத் தீர்மானித்தால், மேற்கூறிய 30 ஆண்டுக் கணக்கு இடைநிறுத்தப்படும்.

காடுகளில் நிலைமை வேறு. பிரான்சின் ஐரோப்பியப் பகுதியிலுள்ள காடுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தனியாருக்குச் சொந்தமானவை. 2023 பெப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, காட்டு விலங்குகள் தடையின்றி நடமாடுவதற்காக வேலிகளின் உயரத்தை 1.20 மீட்டராக வரையறுத்தது. அதே சட்டம், தனியார் காடு என அறிவிப்புப் பலகை வைக்கப்பட்ட இடத்தில் நுழைவோர்க்குத் தண்டமும் விதித்தது. அவ்வாண்டே ஷார்த்ரூசு மலைகளிலுள்ள இயற்கைக் காப்பகத்தின் ஒரு பகுதி தனியார் நிலம் என்பதால் மூடப்பட்டது. மக்கள் அதனை எதிர்த்துப் போராடினர்.

வழியைத் திட்டமிடல்

பிரெஞ்சுத் தேசியப் புவியியல் நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடங்கள் சிறு தடங்களையும் காட்டுகின்றன. ஆயினும் வரைபடத்தில் ஒரு கோடு இருப்பதால் மட்டும் அங்குச் செல்லும் உரிமை உண்டென்று கொள்ளக் கூடாது. உரிமையை அறிய, நெப்போலியன் காலத்தில் 1807 இல் தொடங்கப்பட்ட நிலவரிப் பதிவேட்டின் இன்றைய வரைபடங்களைப் பார்க்கலாம். ஊராட்சி மன்றத்திலும் கேட்டறியலாம்.

செப்டம்பர் முதல் பெப்ரவரி இறுதி வரை பெரும்பாலான பகுதிகளில் வேட்டைக் காலமாகும். வேட்டை நடப்பதாக அறிவிக்கும் பலகை இருப்பின் வேறு வழியில் செல்வதே பாதுகாப்பானது. கோடையில் நடுநிலக் கடலோரக் காடுகள் தீ அபாயம் காரணமாக நாள்தோறும் திறக்கப்படுவதும் மூடப்படுவதும் உண்டு. மழைக்குப் பின் மென்மையான பாதைகளில் வண்டிச்சுவடு ஆழப் பதிந்து நீர் ஓடும் வாய்க்காலாக மாறுவதால், அவை உலரும் வரை தவிர்ப்பது பாதைக்கும் நல்லது.

இவற்றையும் பார்க்க

* மிதிவண்டி
* மிடி கால்வாய்
* தூர் தெ பிரான்சு
* பிரான்சின் காடுகள்