பாட்டியின் குரலை எண்களாக்குவோம்

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஒலிநாடா ஏதேனும் இருக்கிறதா? அது பாட்டி பாடிய தாலாட்டாக இருக்கலாம். துவாஸில் வேலை பார்த்த தாத்தாவுக்கு ஊரிலிருந்து பேசி அனுப்பிய குரல் கடிதமாகவும் இருக்கலாம். நாடாவின்மேல் பூசிய காந்தத் துகள்களே அந்தக் குரலைத் தாங்கி நிற்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பூச்சு உதிரும். நாடா அறுந்தும் போகலாம். அதற்குமுன் குரலைக் கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். மின்னணுக் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் யுஎஸ்பி ஒலி இணைப்பி போதும். கட்டைவிரல் அளவே உள்ள இதில் பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று காதணி கேட்பொறிக்கு, மற்றது மைக்குக்கு.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒலி என்பது காற்றில் பரவும் அதிர்வு. மைக் அந்த அதிர்வை, ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஒலிநாடாக் கருவியிலிருந்து வருவதும் இத்தகைய மின்னழுத்தமே. ஆனால், கணினிக்கு எண்கள் மட்டுமே புரியும். ஆகவே, இணைப்பியில் உள்ள சில்லு அந்த மின்னழுத்தத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறது.

ஏன் 44,100? மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலைக்கு ஒரு மேடும் ஒரு பள்ளமும் உண்டு. இரண்டும் பதிவாக வேண்டுமானால், அலையின் அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக அளக்க வேண்டும். 20,000-இன் இரு மடங்கு 40,000. 44,100 அதைத் தாண்டிவிடுகிறது.

ஒவ்வோர் அளவும் 16 பிட், அதாவது 2 பைட். இதில் 65,536 படிநிலைகளைக் குறிக்கலாம். ஒரு வினாடிக்கு 88,200 பைட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 மெகாபைட். கணக்கிட்டுச் சரிபாருங்கள்!

சிங்கப்பூரின் பங்கு

கணினியில் ஒலி என்றதும் நம் நாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிம் வோங் ஹூ 1981-இல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989-இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. அது 8 பிட் அட்டை. படிநிலைகள் 256 மட்டுமே. 1992-இல் வந்த ‘சவுண்ட் பிளாஸ்டர் 16’, 16 பிட் ஒலியைத் தந்தது. அன்று கணினியைத் திறந்து பொருத்த வேண்டியிருந்த பெரிய அட்டையின் வேலையை, இன்று உங்கள் சட்டைப் பையில் அடங்கும் இணைப்பி செய்கிறது.

பதிவு செய்யும் முறை

1. இரு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் செருகி உள்ள கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை ஒலிநாடாக் கருவியின் கேட்பொறித் துளையிலும், மறுமுனையை இணைப்பியின் மைக் துளையிலும் செருகுங்கள்.

2. ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, உள்ளீடாக யுஎஸ்பி கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

3. ஒலிநாடாக் கருவியின் ஒலியளவை மிகக் குறைத்துத் தொடங்குங்கள். மைக் துளை சில மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கிறது. கேட்பொறித் துளையோ அதைவிடப் பல மடங்கு தரும். அளவு மீறினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட பகுதியைப் பிறகு முழுமையாக மீட்க முடியாது. அளவுமானி −12 முதல் −6 டெசிபெல்லுக்குள் இருக்கட்டும்.

4. ‘உம்ம்’ என்று இரைச்சல் கேட்கிறதா? அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தின் வேலை. மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றிவிட்டு, மின்கலத்தில் இயக்கிப் பாருங்கள்.

5. முதலில் வேண்டாத நாடா ஒன்றில் ஒத்திகை பாருங்கள். பழைய நாடா இரண்டாவது முறை ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மலிவான இணைப்பிகளில் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான். பேச்சுக்கு அது போதும். ஸ்டீரியோ பாடல்களுக்கு ‘லைன் இன்’ வசதியுள்ள கருவியே ஏற்றது.

செய்து பாருங்கள்

இணைப்பியில் ஒரு மைக்கைப் பொருத்தி, ‘ஆ’ என்றும் ‘ஸ்ஸ்’ என்றும் 44,100 ஹெர்ட்ஸில் பதியுங்கள். பிறகு மாதிரி வீதத்தை 8,000-க்குக் குறைத்து மீண்டும் பதியுங்கள். ‘ஆ’ அதிகம் மாறாது. ‘ஸ்ஸ்’ மங்கிவிடும். அதன் ஆற்றலில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதே காரணம். தொலைபேசியில் ‘ஸ்’ ஒலியும் ‘ஃப்’ ஒலியும் சில நேரம் குழம்புவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இன்று தொழிற்சாலைகளும் துறைமுகமும் நிறைந்த துவாஸ், ஒரு காலத்தில் மீனவர்கள் வாழ்ந்த இடம். இப்படி மாறிப்போன இடங்களின் கதை அங்கு வாழ்ந்தவர்களின் நினைவில் இருக்கிறது. அத்தகைய நினைவுகளைக் குரலாகச் சேகரிக்கும் பணியை வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் செய்துவருகிறது. உங்கள் வீட்டுக் கதையைச் சேகரிக்க வேண்டியவர் நீங்கள்தான். இந்த விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பதியுங்கள். கோப்பின் பெயரில் பேசுபவர், இடம், தேதி மூன்றையும் எழுதுங்கள். ஒரு நகலை வேறொரு கருவியிலும் சேமித்து வையுங்கள்.