'யூஸ்டு டு': வடிவமும் பொருளும் தமிழாக்கமும்

எளியனவாகத் தோன்றும் ஆங்கில வினைத்தொடர்கள் சில எழுத்திலும் மொழிபெயர்ப்பிலும் பிழைக்கு இடந்தருகின்றன. 'யூஸ்டு டு' என்பது அவற்றுள் ஒன்று. அதன் ஆட்சி வேறுபாடுகளையும் அவற்றிற்குரிய தமிழ் வடிவங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. மூவகை ஆட்சி

'ஷீ யூஸ்டு டு வாக்' என்பதில் தொடரையடுத்து வினையடி வருகிறது. இது இறந்தகால வழக்கத்தைக் குறிக்கும். 'முன்பெல்லாம் அவள் நடப்பாள்' என்பது பொருள். 'ஷீ இஸ் யூஸ்டு டு வாக்கிங்' என்பதில் 'டு' முன்னிடைச் சொல். எனவே அதனையடுத்துப் பெயரோ 'இங்' ஈற்றுத் தொழிற்பெயரோ வருதல் வேண்டும். 'அவள் நடந்து பழகியவள்' என்பது இதன் பொருள். 'த நைஃப் வாஸ் யூஸ்டு டு கட் ஃப்ரூட்' என்பது செயப்பாட்டு வினை. பழம் நறுக்கக் கத்தி பயன்படுத்தப்பட்டது என நோக்கத்தை உணர்த்துகிறது.

முதலிரண்டிலும் சகர ஒலி ஒலிப்பிலா ஒலி. மூன்றாவதில் ஒலிப்புடை ஒலி. தமிழெழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது.

2. எழுத்துப் பிழையின் காரணம்

முதலிரு ஆட்சிகளிலும் ஈற்று 'டி' அடுத்துவரும் 'டு'வின் முதல் மெய்யோடு ஒன்றிவிடுவதால் செவிக்குப் புலப்படுவதில்லை. எனவே உடன்பாட்டுத் தொடரிலும் 'டி'யை விட்டெழுதும் பிழை நேர்கிறது. ஆயின், 'டிட்' என்னும் துணைவினைக்குப்பின் வினையடியே வருவது விதியாதலின், 'டிட் ஷீ யூஸ் டு வாக்?' என 'டி' இன்றி எழுதுவதே முறை.

3. பொருளும் காலமும்

முதல் ஆட்சியில் 'இப்போது அவ்வழக்கம் இல்லை' என்னும் உட்குறிப்பும் அடங்கும். 'இன்றும் அவ்வாறே' எனத் தொடர்ந்து கூறி அதனை விலக்கலாம். விலக்காதவிடத்து அது நிற்கும். இந்திய ஆங்கிலத்திலோ நிகழ்கால வழக்கத்திற்கும் இத்தொடரை ஆளும் போக்கு உண்டு. தமிழரிடத்து இதற்குத் தாய்மொழியமைப்பும் ஒரு காரணமாகலாம். 'ஐந்து மணிக்கு எழுவது வழக்கம்', 'எழுவதுண்டு' ஆகியவை காலங்காட்டுவதில்லை. 'எழுவார்' என்னும் எதிர்கால முற்று, 'அப்போது', 'முன்பு' போன்ற சொற்களின் துணையால் இறந்தகால வழக்கத்தையும் உணர்த்தும். முக்காலத்திற்கும் பொதுவான இயற்கையைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டுச் சொல்லால் கூறுமாறு தொல்காப்பிய வினையியல் விதிப்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

4. மொழிபெயர்ப்பில் விளைவு

'அவர் என் கடைக்கு வருவது வழக்கம்' எனச் சாட்சி கூறுவதாகக் கொள்வோம். இதனை 'ஹீ யூஸ்டு டு கம்' எனப் பெயர்த்தால், அவர் வருவதை நிறுத்திவிட்டார் என்னும் சாட்சி கூறாத செய்தி பதிவேறுகிறது. நிகழ்ச்சி நாள்வரை அவர் வந்தாரா என்பதே வழக்கின் வினாவாயின், சாட்சியத்தின் பயனே மாறிவிடும். வழக்கம் தொடர்வதாயின் 'ஹீ யூஷுவலி கம்ஸ்' என்பதே பொருந்தும். தெளிவில்லையாயின் சாட்சியிடமே காலத்தைக் கேட்டறிதல் வேண்டும். மறுதலையாக, 'ஹீ யூஸ்டு டு கம்' என்பதைத் தமிழாக்குங்கால் 'வழக்கம்' எனமட்டும் நிறுத்தாது 'முன்பு வருவது வழக்கமாக இருந்தது' எனக் காலத்தைப் புலப்படுத்தல் வேண்டும்.

ஆகவே, தொடரின் முன் துணைவினை உண்டா, பின் வருவது வினையடியா பெயரா, வழக்கம் நின்றதா தொடர்வதா என்னும் மூன்றையும் ஆராய்ந்த பின்னரே மொழிபெயர்ப்பாளர் நிகரனைத் தேர்தல் தகும்.