குடலுக்குள் ஒரு யுத்தம்

எச்.ஐ.வி. என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு இரத்தத்தின் நினைவுதான் வருகிறது. வைத்தியரும் இரத்தத்தையே எடுத்துச் சோதிக்கிறார். ஆனால், அக்கிருமியின் முதற் பெரும் யுத்தம் நமது குடலின் சுவரிலே நடக்கிறதென்று சொன்னால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

சோறும் நீரும் செல்லும் பாதையே நோய்க் கிருமிகள் புகும் பாதையுமாகும். ஆகையால் இயற்கை அன்னை நமது காவற்படையில் பெரும்பகுதியைக் குடலை ஒட்டி நிறுத்தியிருக்கிறாள். இரத்தத்தில் உலவுவது அப்படையில் மிகச் சொற்பமே.

படைத் தலைவர்களைப் போன்றவை ஸி.டி.4 என்னும் அணுக்கள். எச்.ஐ.வி. அவற்றைத்தான் தேடிப் பற்றுகிறது. உள்ளே நுழைய அதற்கு ஸி.ஸி.ஆர்.5 என்ற மற்றொரு பிடியும் பெரும்பாலும் வேண்டும். குடலிலுள்ள அணுக்களிடம் அந்தப் பிடி ஏராளம். அவை எப்போதும் விழிப்புடன் இருப்பவை. காவலனின் விழிப்பே அவனுக்கு வினையாகிறது!

1998-ஆம் ஆண்டில் குரங்குகளிடமும், 2004-ஆம் ஆண்டில் மனிதரிடமும் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தனர். தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே குடலின் ஸி.டி.4 அணுக்களில் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. அப்போது இரத்தக் கணக்கு அவ்வளவு குறைந்திராது. நோயாளியும் திடகாத்திரமாகவே தோன்றக்கூடும்.

காவல் குலைந்தால் மதில் பழுதாவது இயல்புதானே? குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் துணுக்குகள் இரத்தத்திற்குள் கசிகின்றன. இது 2006-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அத்துணுக்குகளைக் கண்டு எஞ்சிய படை ஓயாது கொதித்தெழுகிறது. அப்படி எழும் புதிய அணுக்களும் கிருமிக்கு இரையாகின்றன.

மருந்து உண்டால் இரத்தத்தில் படை மீண்டும் பெருகுகிறது. குடலிலோ அது மெதுவாகவே திரும்புகிறது. பலரிடம் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகையால், நோய் தெரிந்தவுடன் சிகிச்சை தொடங்குவதே நலம். உலக சுகாதார ஸ்தாபனமும் 2015-ஆம் ஆண்டில், அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல் அனைவருக்கும் மருந்து அளிக்கும்படி கூறிற்று.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986-ஆம் ஆண்டில், சென்னையில் டாக்டர் சுநீதி ஸாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆராய்ச்சியினால் வெளிப்பட்டது. அன்று மருந்தில்லை, இன்று உண்டு. ஆயினும், ஊரார் ஏசுவரென்று அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் தயங்கும் ஒவ்வொரு மாதமும் குடலின் மதில் இடிந்துகொண்டிருக்கிறது. சேர்ந்து உண்பதாலோ, தொட்டுப் பேசுவதாலோ இக்கிருமி பரவாது. அவர்களது அச்சத்தை வளர்ப்பது நமது ஏச்சுத்தான். அதை நிறுத்துவதும் நம் கையில்தான் இருக்கிறது.