சூடு தரும் சோற்றுப்பெட்டி

சென்னையிலிருந்து செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் மேல் அமைந்த மறைமலை நகரிலும், அதை அடுத்த சிங்கப்பெருமாள் கோயிலில் பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் பாதையின் இருமருங்கிலும், மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் கைபேசிகளும் உற்பத்தியாகும் தொழிற்சாலைகள் சென்ற முப்பது ஆண்டுகளில் நிறைந்துவிட்டன. அங்கே காலை ஆறு மணி ஷிப்டுக்குச் செல்லும் ஒருவருடைய மதியச் சோறு விடியற்காலம் நான்கு மணிக்கே வடிக்கப்பட்டுவிடுகிறது. எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அடைபட்டு, பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ பிரயாணம் செய்து, பையிலோ அலமாரியிலோ காத்திருந்து, கடைசியில் அது திறக்கப்படும்போது ஏழு மணி நேரம் கழிந்திருக்கும். சோறு விறைத்து, குழம்பு ஆறி ஆடை கட்டி, நெய்யும் கொழுப்பும் உறைந்து கிடக்கும் அந்த உணவை அரைமணி நேர இடைவேளைக்குள் உண்டு முடிக்க வேண்டும்.

பெரிய ஆலைகளில் இந்தச் சங்கடம் இல்லை என்பது உண்மையே. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் நடத்தப்பட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு விதித்தது. 150 பேருக்கு மேற்பட்ட இடங்களில், தொழிலாளர் தாம் கொண்டுவந்த உணவை உண்ண ஓர் உணவறையும் குடிநீரும் இருக்கவேண்டும் என்று 47ஆம் பிரிவு கூறிற்று. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணிக்குக் குறையாத ஓய்வை 55ஆம் பிரிவு தந்தது. ஆனால் இருபது முப்பது பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்காரர்களும், கன்டெய்னர் லாரி ஓட்டுநர்களும், ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுநர்களும், வாயிலைக் காக்கும் காவலர்களும், வயிற்றுக்கு ஒவ்வாது என்று கேன்டீன் உணவை விலக்கியவர்களும் வீட்டுச் சோற்றையே நம்பியிருக்கிறார்கள். இவர்களுக்காகவே ஏற்பட்டதென்று சொல்லத்தக்க ஒரு சிறு சாதனம் இப்போது பாத்திரக் கடைகளில் சாமானியமாகக் கிடைக்கிறது. எலக்ட்ரிக் லஞ்ச் பாக்ஸ் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

உணவைச் சூடாக உண்ண மனிதன் செய்துவந்த முயற்சிகளில் இரண்டு வழிகள் உண்டு. இருக்கும் சூட்டைப் போகவிடாமல் காப்பது ஒன்று. போன சூட்டைத் திரும்ப ஊட்டுவது மற்றொன்று. முதல் வழியின் சிகரம், 1892இல் ஜேம்ஸ் டூவர் என்னும் விஞ்ஞானி, குளிரால் திரவமாக்கப்பட்ட வாயுக்களைக் காப்பதற்கென்று செய்த இரட்டைச் சுவர்க் குடுவை. இரு சுவர்களுக்கும் நடுவே காற்றை நீக்கி வெற்றிடம் ஆக்கியதனால் உஷ்ணம் கடந்து செல்ல வழியற்றுப் போயிற்று. நம் வீட்டு பிளாஸ்க் அதன் சந்ததி. ஹாட் பாக்ஸ் என்று நாம் அழைப்பது, வெற்றிடத்துக்குப் பதிலாக நுரைபோன்ற பிளாஸ்டிக்கை நடுவே அடைத்தது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு அது போதும், ஏழு மணி நேரத்துக்குப் போதாது. இரண்டாம் வழிக்கு, ஆறியதைச் சூடேற்றாமல் புதிதாகவே சமைப்பதாயினும், நம் நாட்டுக்கே பெருமை தரும் முன்னோடி ஒன்று உண்டு. கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் இந்துமாதவ மல்லிக் 1910இல் அமைத்த இக்மிக் குக்கர் அது. உருளை வடிவான கலத்தின் அடியில் கரியின் தணல், அதன் மேல் நீர், நீரின் மேல் அடுக்கடுக்காக அரிசியும் பருப்பும் காய்கறியும் வைத்த கிண்ணங்கள். மூடிவிட்டு வேலைக்குப் போனவர் திரும்பி வரும்போது ஆவியில் வெந்த உணவு சூடாகவே காத்திருக்கும். சமையற்காரன் இல்லாத மனிதனின் வாழ்க்கையை எளிதாக்கிய அந்தச் சாதனத்தின் வாரிசாகவே நான் இந்த மின்சாரப் பெட்டியைக் கருதுகிறேன்.

பெட்டியின் உள்ளமைப்பு மிக எளியது. வெளியே பிளாஸ்டிக் உறை. உள்ளே எடுத்துக் கழுவத்தக்க எவர்சில்வர் கிண்ணங்கள். அவற்றின் அடியில் ஓர் உலோகத் தகடு. அந்தத் தகட்டோடு ஒட்டியவாறு, பல பெட்டிகளில், நாணயம் அளவேயான ஒரு பீங்கான் வில்லை. இந்த வில்லைதான் விஷயத்தின் உயிர்நிலை. சாதாரண மின்னடுப்பின் கம்பிச் சுருள், மின்சாரம் பாயும் வரை ஓயாமல் காய்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்கத் தனியாக ஒரு தெர்மோஸ்டாட் வேண்டும், அது பழுதுபட்டால் பாத்திரமும் பதார்த்தமும் கருகும். பேரியம் டைட்டனேட் என்னும் பொருளால் ஆன இந்த வில்லையின் சுபாவமோ வேறு. குளிர்ந்த நிலையில் அது மின்சாரத்தைத் தாராளமாக விடும். விட்டதனால் சூடேறி ஒரு குறிப்பிட்ட உஷ்ண நிலையை நெருங்கியதும், அதன் படிக அமைப்பு மாறி, மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிடும். தடை உயரவே மின்சாரம் குறைகிறது. மின்சாரம் குறையவே சூடு தணிகிறது. சூடு தணியத் தணிய மறுபடியும் மின்சாரம் பாய்கிறது. ஆகவே பசி தீர்ந்ததும் இலையை மூடிவிடும் நிதானமுள்ள மனிதனைப் போல அது தனக்கு வேண்டிய மட்டும் கொண்டு நின்றுவிடுகிறது. ஸ்ட்ரான்ஷியமும் ஈயமும் கலவாத பேரியம் டைட்டனேட்டில் அந்த எல்லை ஏறக்குறைய 120 பாகை செல்சியஸ். ஸ்ட்ரான்ஷியம் கலந்தால் எல்லை இறங்கும், ஈயம் கலந்தால் ஏறும். 1950களின் நடுவில் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட இந்தக் குணத்தையே மின்சார மோட்டார் வண்டிகளின் உட்புறத்தைச் சூடாக்கும் கருவிகளிலும் பயன்படுத்துகிறார்கள். வண்டிகளைச் செய்து பிழைக்கும் ஒரு பிரதேசத்தில் தொழிலாளியின் சோற்றையும் அதே பீங்கான் சூடேற்றுவது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி ஒரு சிறு கணக்கு. அரைக் கிலோ சோறும் குழம்பும் 30 பாகையிலிருந்து 65 பாகைக்கு ஏற, சுமார் 60 கிலோஜூல் வெப்பம் தேவை. பெட்டிகள் பெரும்பாலும் 40 வாட் அளவானவை. ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் 25 நிமிஷத்தில் காரியம் முடியும். உறையின் வழியே ஓரளவு போய்விடுவதால் முக்கால் மணி ஆகிறது. செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் முப்பத்துமூன்றில் ஒரு பங்கு. நிறைய அடைத்து ஒரு கிலோ ஆக்கினால் நேரமும் இரட்டிக்கும். இதை அறியாமல், இடைவேளை மணி அடித்தபின் பிளக்கைச் செருகிவிட்டு, பெட்டி சூடாகவில்லை என்று குறைசொல்லுகிறவர்கள் பலர். மணி அடிப்பதற்கு முக்கால் மணி முன்பே செருகிவிட வேண்டும் என்பதே இதன் முதல் இலக்கணம்.

சோற்றில் இரண்டு கரண்டி நீர் தெளித்துச் செருகுவது இரண்டாவது. இதற்கு நல்ல காரணம் உண்டு. வெந்த அரிசியின் மாவுச்சத்து நீரை ஏந்தித் தளர்ந்து நிற்கிறது. ஆறும்போது அதன் இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கி அணிவகுத்து நீரை வெளியே தள்ளுகின்றன. பழைய இட்லி கல்லாவதும், ஆறிய சோறு விறைப்பதும் இதனால்தான். 60 பாகைக்கு மேல் உஷ்ணம் ஏறும்போது அந்த அணிவகுப்பின் பெரும்பகுதி கலைந்து, பக்கத்தில் நீர் இருந்தால் அதை மறுபடியும் ஏற்றுக்கொள்ளும். தெளித்த நீர் ஆவியாகி மேலெழுந்து, அடியிலுள்ள சூட்டைக் கிண்ணத்தின் நடுவுக்கும் கொண்டுசேர்க்கிறது. ஆதலால் மூடியை இடையிடையே திறந்து பார்ப்பது கூடாது.

இந்தச் சாதனத்தைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்லவேண்டியதும் ஒன்று உண்டு. அதை மறைத்துப் புகழ்வது வாசகருக்குச் செய்யும் துரோகம். சூடேற்றுவதால் கெட்ட உணவு நல்ல உணவாகாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட உஷ்ணத்தில் கிருமிகள் பெருகுகின்றன. நம் கோடைக்காலத்து அறைகளின் வெப்பம் அதன் நடுவில் இருக்கிறது. அரிசியோடு வரும் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பில் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்து, வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற நேர்ந்ததையும், அதன்பின் அவர்களுடைய தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்ததையும் இப்பகுதியார் மறந்திருக்கமாட்டார்கள். உணவின் தூய்மை இங்கே மறியலுக்கே காரணமாகிவிட்ட விஷயம்.

ஆகவே காலையில் பெட்டியைச் சிறிது நேரம் செருகி எடுத்து, மதியம் வரை இளஞ்சூட்டில் ஊறவிடுவதைப் போன்ற பிழை வேறில்லை. 40 பாகைச் சூடு கிருமிகளுக்கு விருந்து. ஒன்று, முந்தின இரவே சமைத்து, விரைவில் ஆறவைத்து, பிரிட்ஜில் வைத்து, காலையில் குளிர்ந்தபடியே எடுத்துச் சென்று, வேலையிடத்திலும் குளிர்ந்த இடமாகப் பார்த்து வைத்து, உண்ணுமுன் ஒரே மூச்சில் ஆவி பறக்கச் சூடேற்றுவது. அல்லது, காலையில் சமைத்ததை நான்கு மணி நேரத்துக்குள் சூடேற்றி உண்டுவிடுவது. முதல் வழியே உத்தமம் என்பது என் கருத்து. அதில்தான் இந்தப் பெட்டியின் உண்மையான உபகாரமும் இருக்கிறது. சமைக்கும் நேரமும் புறப்படும் நேரமும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நிலை மாறி, நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டவேண்டிய ஒரு பெண், அவள்தானும் ஏழு மணிக்கு வேறொரு ஷிப்டுக்குப் போகவேண்டியவளாக இருக்கலாம், இன்னும் ஒரு மணி நேரம் உறங்கலாம். வாழ்க்கையை எளிதாக்கும் சாதனம் என்று எதையேனும் சொல்வதானால், அது யாருடைய சிரமத்தைக் குறைத்தது என்று கேட்டுப் பார்த்தே சொல்லவேண்டும். அந்தக் கேள்விக்கு இதனிடம் நேர்மையான பதில் இருக்கிறது.

எல்லா உணவும் இதற்கு ஏற்றதன்று. சாம்பார் சாதம், பிரிஞ்சி, கூட்டு, கறிக்குழம்பு எல்லாம் அழகாகச் சூடேறும். தேங்காய் துருவிப் போட்ட பொரியல் பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மதியம் வரை தாங்காது. தயிர் சாதத்தைச் சூடாக்கினால் தயிர் திரிந்து நீர் விடும். புளியோதரைக்கோ சூடே வேண்டாம், புளியின் அமிலமும் உப்பும் எண்ணெயும் அதைக் காக்கின்றன. கட்டுச்சோற்றுக்குத் தயிர் சாதத்தையும் புளியோதரையையும் தேர்ந்தெடுத்த நம் முன்னோர் கிருமி சாஸ்திரம் படித்தவர்களல்லர். ஆயினும் அவர்களுடைய தேர்வு சாஸ்திரத்துக்கு ஒத்தது. மறைமலை நகருக்குத் தம் பெயரைத் தந்த மறைமலையடிகளும் ‘பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்’ என்று ஒரு நூலே எழுதியவர்.

வாங்குகிறவர் கவனிக்கவேண்டியவை சில. உணவு தொடும் பாகம் பிளாஸ்டிக்காக இராமல் எவர்சில்வராக இருக்கட்டும். வீட்டு மின்கருவிகளின் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 302 என்னும் தரத்துக்கு உட்பட்டதா என்று பாருங்கள். வெளிப்பெட்டியை நீரில் முக்கக் கூடாது. கார் வேன் ஓட்டுகிறவர்களுக்கு 12 வோல்ட் பெட்டியும், லாரி ஓட்டுகிறவர்களுக்கு 24 வோல்ட் பெட்டியும் வெவ்வேறு. கம்பிச்சுருள் உள்ள 12 வோல்ட் பெட்டியை லாரியில் செருகினால் அது நான்கு மடங்கு சக்தியை இழுத்து எரிந்துபோகும். என்ஜின் ஓடும்போதே சூடேற்றிக்கொள்வது பாட்டரிக்கு நல்லது.

தைவான் நாட்டில் சில பள்ளிகளில் மாணவர்கள் காலையில் தம் உலோகச் சோற்றுப்பெட்டிகளை ஒரு பெரிய ஆவிப்பெட்டியில் அடுக்கிவிட்டு, மதியம் எல்லோரும் ஒரே சமயத்தில் சுடச்சுட எடுத்து உண்கிறார்கள். அப்படி ஒருசேரச் சூடேற்றும் ஏற்பாடு இல்லாத நம் சிறு தொழிற்கூடங்களில் முதலாளிகள் நல்லெண்ணத்தோடு ஒரு மைக்ரோவேவ் அடுப்பை வாங்கி வைப்பதுண்டு. ஆனால் எவர்சில்வர் பாத்திரத்தை அதில் வைக்க முடியாது. வேறு பாத்திரத்தில் மாற்றி, ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று வரிசையில் நின்றால், இருபதாவது ஆளின் முறை வருமுன் அரைமணி இடைவேளை முடிந்துவிடும். இருபது மின்சார உணவுப்பெட்டிகள் ஒருங்கே இழுப்பது 800 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டி சாதாரணமாக இழுப்பது 1000 வாட். ஆகவே மறைமலை நகர்த் தொழிற்பேட்டையிலும் ஒரகடத்திலும் பட்டறை நடத்தும் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் உணவறையின் சுவரோரமாக ஒரு பலகை போட்டு, முறையாக எர்த் செய்த பிளக் பாயிண்டுகளை வரிசையாக அமைத்து, இடைவேளைக்கு முக்கால் மணி முன்பு ஒருவர் போய் சுவிட்சைப் போட அனுமதி கொடுங்கள்.