நெகடிவில் உறங்கிய நகரம்: விவியன் மேயரும் இணையப் பார்வையாளர்களும்

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுக்கப்படும் படம், ஷட்டர் திறந்து மூடும் கணத்திலேயே பதிந்துவிடினும், கண்ணுக்குப் புலப்படாத மறைபடிமமாகவே இருக்கிறது. ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சில் விரவியுள்ள வெள்ளி உப்பின் நுண்படிகங்களில் ஒளி பட்டவற்றை டெவலப்பர் என்னும் கரைசல் கருநிற வெள்ளித் துகள்களாக மாற்ற, ஸ்டூடியோக்களில் ஹைப்போ என வழங்கும் கரைசல் எஞ்சிய உப்பைக் கரைத்து நீக்குகிறது. ஒளியும் இருளும் இடம் மாறித் தோன்றும் இந்த நெகடிவ், முறையாகக் கழுவி ஈரமும் வெப்பமும் அண்டாமல் காக்கப்பட்டால், பல பத்தாண்டுகள் கெடாது. ஆனால் அச்சிடவோ ஸ்கேன் செய்யவோ ஒருவர் முன்வரும்வரை அதில் உள்ள படத்தைக் காண்பார் இல்லை.

1926-இல் நியூயார்க்கில் பிறந்து, சிகாகோவில் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பராமரித்து வாழ்ந்த விவியன் மேயரின் படங்கள் அவ்வாறே கிடந்தன. இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்த்து எடுக்கும் ரோலிஃபிளெக்ஸ் கேமராவால், ரோலுக்கு 12 சதுரப் படங்களாக, தெருமக்களின் முகங்களை அவர் பதிவு செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகடிவ்களை அவர் விட்டுச்சென்ற போதிலும், வாழ்ந்த காலத்தில் அவற்றைப் பொதுவெளியில் காட்டவில்லை. பல ரோல்கள் கழுவப்படாமலேயே இருந்தன. சேமிப்பறை வாடகை நிலுவையால் அவருடைய உடைமைகள் 2007-இல் ஏலத்துக்கு வந்தபோது, ஜான் மலூஃப் என்பவர் நெகடிவ்கள் நிறைந்த பெட்டியொன்றை வாங்கினார். 2009 ஏப்ரலில் மேயர் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில், 2004-இல் தொடங்கப்பட்ட ஃபிளிக்கர் என்னும் படப்பகிர்வுத் தளத்தின் தெருப் புகைப்படக் குழுவில், ஸ்கேன் செய்த சில படங்களை மலூஃப் வெளியிட்டு, இவற்றை என்ன செய்யலாம் என்று கேட்டார்.

அக்குழுவினர் பலரும் தாமே தெருவில் படமெடுப்பவர்கள் ஆதலால், தாழ்ந்த கோணத்தின் கம்பீரத்தையும், அந்நியரை அணுகிய துணிவையும், சட்டகத்தின் ஒழுங்கையும் உடனே இனங்கண்டு, பாராட்டுகளும் யோசனைகளுமாக எழுதிக் குவித்தனர். 2011-இல் சிகாகோ பண்பாட்டு மையத்தில் கண்காட்சி நடந்தது. கலைக்கூடங்களின் பரிந்துரைக்கு முன்பே தொழில் அறிந்த பார்வையாளர்களின் மதிப்பீடு மேயருக்குக் கிட்டியிருந்தது.

எனினும் திரையில் தோன்றுவது நெகடிவின் ஒரு வாசிப்பே ஆகும். ஸ்கேன் செய்பவர் ஒளியையும் இருளையும் கணினியில் திருப்பிப்போடும்போது, நிழலில் எவ்வளவு விவரம் தெரியவேண்டும், வெண்மை எங்கே அடங்கவேண்டும் என்பனவற்றையும் முடிவு செய்கிறார். மேயரின் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இம்முடிவுகளையும், எதை வெளியிடுவது என்னும் தேர்வையும் பிறரே மேற்கொள்ள நேர்ந்தது. ஆகவே, இன்று ஃபிலிமில் படமெடுத்து இணையத்தில் பகிர்வோர், கேமரா, ஃபிலிம், டெவலப்பர் ஆகியவற்றின் விவரங்களைப் படத்துடன் குறிப்பிட்டு, நெகடிவைத் தேதியிட்ட உறைகளில் பாதுகாப்பது இன்றியமையாதது. பகிர்தல் படைப்புக்குப் பார்வையாளரைத் தருகிறது. அப்படைப்பு எவ்வாறு பார்க்கப்படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை, வாழும் காலத்திலேயே படமெடுத்தவர் பயன்படுத்திக்கொள்வதே சிறப்பு.