பரம்பரைப் பகையும் பெருவெற்றியின் சுவையும்

நவம்பர் மாதத்தின் கடைசி வாரம் நெருங்கும்போது, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் அமைந்த ஒஹாயோ ஸ்டேட் சர்வகலாசாலையின் வளாகத்தில், கட்டிடங்களின் பெயர்களிலும் வழிகாட்டும் பலகைகளிலும் ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்து எங்கெங்கு காணப்படுகிறதோ அங்கெல்லாம் சிவப்பு நாடாவைக் குறுக்காக ஒட்டி அதை மறைத்துவிடுகிறார்கள். அந்த எழுத்து, வடக்கே ஆன் ஆர்பர் நகரத்திலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலையின் சின்னம். அவ்விரு சர்வகலாசாலைகளின் கால்பந்துக் கோஷ்டிகளும் 1897-ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சந்தித்தன. அதற்கும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, டொலீடோ நகரைச் சூழ்ந்த நிலப்பகுதி யாருக்கு உரியது என்ற வழக்கில், இரு பிரதேசத்தாரும் படை திரட்டி எல்லையில் எதிரெதிராக நின்றதுண்டு. ஆகவே இந்தப் பகைமை, ஓர் ஆட்டத்தில் பிறந்து ஓர் ஆட்டத்தோடு மறையும் சாமானியப் போட்டியன்று. பாட்டனிடமிருந்து பேரனுக்கு வரும் குடும்பச் சொத்தைப் போல் அது வழிவழியாக வந்து சேர்கிறது.

1968 நவம்பர் 23 அன்று கொலம்பஸில் நடந்த ஆட்டத்தை ஒஹாயோ அபிமானிகள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில், முட்டை வடிவப் பந்தை ஏந்தி எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அதன்பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தினால் மேலும் 1. உதைப்பதை விடுத்து, ஓடியோ எறிந்தோ மறுமுறையும் எல்லைக்குள் சேர்த்தால் 2. ஆட்டம் முடியும் தறுவாயில், 44-க்கு 14 என்று முன்னணியில் இருந்த ஒஹாயோ மீண்டும் ஒருமுறை எல்லை கடந்து 50-ஐ எட்டியது. வெற்றியைப் பற்றி அணுவளவும் சந்தேகம் இல்லாத அந்த நிலையில், வழக்கம்போல் பந்தை உதைத்து ஒரு புள்ளியைப் பெற்றுக்கொண்டு கௌரவமாக ஒதுங்கியிருக்கலாம். ஆனால் பயிற்சியாளர் வூடி ஹேஸின் கோஷ்டியோ இரண்டு புள்ளிகளுக்கு முயன்றது. முயற்சி பலிக்கவில்லை, ஆட்டம் 50-க்கு 14 என்றே முடிந்தது. ஏன் இரண்டுக்கு முயன்றீர் என்று கேட்டவர்களிடம், மூன்று புள்ளிகளுக்கு வழியில்லையே என்று ஹேஸ் பதிலளித்ததாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. கிடைக்காத அந்த இரண்டு புள்ளிகள், கிடைத்த ஐம்பதைக் காட்டிலும் அபிமானிகளுக்கு இனிக்கின்றன. இந்த இனிமை எங்கிருந்து பிறக்கிறது என்பதை மனோதத்துவ நிபுணர்கள் சென்ற எழுபது ஆண்டுகளாகவே ஆராய்ந்து வந்திருக்கிறார்கள்.

வித்தியாசத்தின் அளவுதான் காரணம் என்று எண்ணினால் அது முழு விடையாகாது. 1916 அக்டோபர் 7 அன்று அட்லாண்டா நகரில், ஜான் ஹைஸ்மன் பயிற்றுவித்த ஜார்ஜியா டெக் கோஷ்டி, டென்னஸி மாநிலத்துக் கம்பர்லண்டு கல்லூரியை 222-க்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வீழ்த்தியது. கல்லூரிக் கால்பந்தின் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது. எனினும் கம்பர்லண்டு அந்த ஆண்டு தன் கால்பந்துக் கோஷ்டியையே கலைத்துவிட்டு, ஆட வராவிட்டால் அபராதம் கட்ட வேண்டுமே என்ற அச்சத்தால் கிடைத்த மாணவர்களைத் திரட்டிக்கொண்டு வந்த கல்லூரி. அந்த வெற்றி இன்று ஒரு விசித்திரமான புள்ளிவிவரமாக நிற்கிறதேயன்றி, யாருடைய நெஞ்சையும் குளிர்விக்கும் நினைவாக இல்லை.

ஆயினும் வித்தியாசத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை, ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976-இல் வெளியிட்ட பிரசித்தமான ஆராய்ச்சியிலிருந்து அறிகிறோம். 1973-ஆம் ஆண்டுக் கால்பந்துப் பருவத்தில் ஏழு சர்வகலாசாலைகளின் வகுப்பறைகளில், திங்கட்கிழமைதோறும், தங்கள் சர்வகலாசாலையின் பெயரோ சின்னமோ பொறித்த சட்டைகளையும் மேலங்கிகளையும் அணிந்து வந்த மாணவர் எத்தனை பேர் என்று அவர்கள் ஓசையின்றி எண்ணி வந்தார்கள். ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் இரண்டுமே அந்த ஏழில் அடங்கும். சனிக்கிழமை ஆட்டத்தில் வென்றிருந்தால் திங்களன்று சின்னங்கள் பெருகின, வெல்லாதபோது குறைந்தன. பந்தைத் தொட்டுக்கூடப் பாராத மாணவன், பிறர் ஈட்டிய கீர்த்தியின் ஒளியில் நின்று தானும் பிரகாசிக்க விரும்புகிறான் என்பது இதன் சாரம். வெற்றியின் வித்தியாசம் பெரிதாகுந்தோறும் சட்டைகளின் தொகையும் கூடியது என்றும், நூலிழையில் கிட்டிய வெற்றிகளைவிட எதிரியை அடியோடு நசுக்கிய வெற்றிகளே மாணவரை அவ்வாறு உடுத்தச் செய்தன என்றும் சியால்டினி பிற்காலத்து நூலில் எழுதினார்.

இது ஏன் என்பதற்கு, அதற்கும் முந்திய ஓர் ஆராய்ச்சி வழிகாட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. 1951-இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் கோஷ்டிகளுக்கிடையே நடந்த முரட்டு ஆட்டமொன்றில் பிரின்ஸ்டனின் தலைசிறந்த வீரர் டிக் காஸ்மயருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஹாஸ்டார்ஃப், காண்ட்ரில் என்னும் இருவர் அந்த ஆட்டத்தின் திரைப்படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் வீரர்கள் செய்த குற்றங்களென்று டார்ட்மத் மாணவர் குறித்ததைப்போல் இரண்டு பங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர் குறித்தார்கள். படம் ஒன்றே, கண்டவை இரண்டு. நெருக்கமான ஆட்டத்தில் தோற்றவனுக்கு இவ்வாறு நூறு சமாதானங்கள் கிடைக்கும். நடுவர் ஓரவஞ்சனை செய்தார், காற்று எதிராக வீசியது என்றெல்லாம் அவன் சாதித்துவிடலாம். 50-க்கு 14 என்று முடிந்த ஆட்டத்திலோ தர்க்கத்துக்கு இடமில்லை. எதிரியின் வாயையும் அடைத்துவிட்டது என்பதே பெருவெற்றியின் விசேஷ லாபம் என்பது என் அபிப்பிராயம்.

இனி அதன் மற்றொரு பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2011-இல் மினா சிகாராவும் உடனிருந்தோரும், பரம வைரிகளான பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் என்னும் பேஸ்பால் கோஷ்டிகளின் தீவிர அபிமானிகளைக் காந்தப் படக்கருவிக்குள் படுக்கவைத்து, ஆட்டக் காட்சிகளைக் காட்டி, மூளையின் செயலைப் பதிவு செய்தார்கள். சொந்தக் கோஷ்டி வெல்லும்போது மூளையின் அடிப்பகுதியில் வெகுமதியின் இன்பத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி கிளர்ச்சியுற்றது; வைரி தோல்வியுறும்போதும் அதே பகுதி கிளர்ச்சியுற்றது. சொந்தக் கோஷ்டிக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது கோஷ்டி ஒன்றிடம் வைரி தோற்பதைக் கண்டபோதும் அபிமானிகள் இன்புற்றார்கள். இவ்வளவில் நின்றிருந்தால் இதை மனித சுபாவம் என்று விட்டுவிடலாம். ஆனால் வைரியின் வீழ்ச்சியைக் கண்டு எவருடைய மூளை மிகுதியாகக் கிளர்ந்ததோ, அவர்களே எதிர்க்கோஷ்டியின் அபிமானிகளைத் திட்டவோ தாக்கவோ கூடும் என்று தங்களைப் பற்றி மிகுதியாகக் கூறினார்கள் என்பது கவலைக்குரிய செய்தி. நம்மவர் வென்றார் என்ற ஆனந்தமும், அவர்கள் அழிந்தார்கள் என்ற ஆனந்தமும் ஒரே பாத்திரத்தில் கலந்து வருகின்றன. பின்னதன் அளவு மிகும்போது ஆட்டக்களத்தின் வேலியைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் இந்தப் பேதத்தை இளைஞருக்கு எடுத்துச் சொல்வது அவசியம் என்று நான் திடமாக நம்புகிறேன்.

இந்த ஆனந்தம் எத்தனை நாள் தங்கும் என்ற கேள்விக்கும் பரிசோதனை உண்டு. வர்ஜீனியா சர்வகலாசாலையில் டிமோதி வில்சனும் டேனியல் கில்பர்ட் முதலியோரும், முக்கியமான ஆட்டத்துக்கு வெகுநாள் முன்பே மாணவர்களை அணுகி, நம் கோஷ்டி வென்றால் அடுத்த சில நாட்களில் எவ்வளவு மகிழ்ச்சியோடு இருப்பீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வெற்றிக்குப் பின் அவர்களைக் கேட்டபோது, உண்மையில் அனுபவித்த மகிழ்ச்சி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. பாடங்களும் பரீட்சைகளும் நண்பர்களும் அந்த நாட்களை நிரப்பிவிடுகின்றன. முன்கூட்டி எண்ணும்போது மனம் ஆட்டத்தை மட்டுமே பார்க்கிறது. அந்த நாட்களில் வேறென்ன வேலைகள் இருக்கும் என்று முதலில் எழுதிப் பார்க்கச் செய்த மாணவர்கள் நிதானமாகவே மதிப்பிட்டார்கள். அப்படியிருக்க, 1968-இன் வெற்றி இன்றும் இனிப்பானேன்? நல்ல செய்தியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் நாட்களில், அந்தச் செய்தி தரும் மகிழ்ச்சிக்கும் மேலாக மனநிலை உயர்கிறது என்று ஷெல்லி கேபிளும் பிறரும் 2004-இல் காட்டினார்கள். ஆட்டத்தின் மகிழ்ச்சி ஓரிரு நாட்களில் ஓய்ந்துவிட, கூடிப் பேசும் மகிழ்ச்சி தலைமுறைகளாகத் தொடர்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

பேசுவதற்கு வைரி நிமிர்ந்து நிற்கவும் வேண்டும். கம்பர்லண்டைப் பற்றிப் பேச அட்லாண்டாவில் ஒன்றும் மிஞ்சவில்லை. மிச்சிகனோ அடுத்த ஆண்டே எழுந்துவிட்டது. ஹேஸிடம் முன்பு உதவிப் பயிற்சியாளராக இருந்த போ ஷெம்பெக்லர் 1969-இல் மிச்சிகனின் தலைமையை ஏற்று, 22 ஆட்டங்களில் தொடர்ந்து வென்று வந்த ஒஹாயோவை நவம்பர் 22 அன்று ஆன் ஆர்பரில் 24-க்கு 12 என்று வீழ்த்தினார். அந்த ஆண்டு முதல் 1978 வரை அவ்விருவரும் பத்து முறை எதிர்த்து நின்றார்கள்; ஐந்து ஆட்டங்களை ஷெம்பெக்லரும் நான்கை ஹேஸும் வென்றார்கள்; சியால்டினியின் குழுவினர் சட்டைகளை எண்ணிய 1973-ஆம் ஆண்டின் ஆட்டம் மட்டும் 10-க்கு 10 என்று சமமாக முடிந்தது.