திருவள்ளூரா, செங்கல்பட்டா?

சென்னையில் வேலை, வாடகை கட்டுப்படியாகும் ஊரில் வீடு என்று நினைத்தவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு முதலில் பார்த்தது ரயிலைத்தான். திருவள்ளூர் என்றால் சென்ட்ரல். செங்கல்பட்டு என்றால் எழும்பூர், கடற்கரை. அலுவலகம் எந்தப் பாதையில் இருக்கிறதோ, அந்தப் பாதையிலேயே வீடும் அமைந்துவிடும்.

திருவள்ளூருக்கு 1856-லேயே அகலப்பாதை வந்துவிட்டது. 1979-ல் மின்ரயிலும் வந்தது. ஆவடி டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று வேலை கொடுத்த இடங்களும் வழியிலேயே இருந்தன. ஷிப்ட் முடித்தவர் வேறு வண்டி மாறாமல் வீடு சேரலாம். செங்கல்பட்டுக்காரர்கள் மீட்டர்கேஜ் பெட்டிகளில் நெருக்கியடித்து கிண்டிக்கும் கோட்டைக்கும் போனார்கள். கடற்கரை–தாம்பரம் தடத்தில் மீட்டர்கேஜ் மின்ரயில் 2004-ல்தான் விடைபெற்றது.

ஆனால் வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால் தராசு செங்கல்பட்டுப் பக்கமே சாய்ந்தது. காரணம், 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும். திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல்தான் கிடைத்தது. ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்க இதைவிடப் பெரிய காரணம் இருக்க முடியாது என்பேன். அந்த வேறுபாடு குறைந்திருப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

கலெக்டர் ஆபீஸ் வேலை என்றால் இரு ஊராரும் காஞ்சிபுரத்துக்கு ஓடிய காலமும் போயிற்று. 1997-ல் திருவள்ளூர் மாவட்டத் தலைநகரானது. ஒரு பெரிய மாவட்டத்துக்கே பெயர் கொடுத்த செங்கல்பட்டு அதற்கு 2019 வரை காத்திருந்தது.

இன்று ரயிலை மட்டும் பார்த்து வீடு தேடினால் போதாது. சிங்கப்பெருமாள் கோவிலில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் திருவள்ளூரைத் தொட்டுச் செங்குன்றம் போகும் மாநில நெடுஞ்சாலை இரு ஊர்களின் திசையையே மாற்றிவிட்டது. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளின் கம்பெனி பஸ்கள் விடியற்காலையில் ஆள் ஏற்றுகின்றன. பட்டணத்தைப் பார்த்தே ஓடிய ஊர்களிலிருந்து ஒரு பகுதியினர் இப்போது குறுக்கே போகிறார்கள். செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபின் தென்மாவட்டத்துச் சொந்த ஊருக்குப் போக கோயம்பேடு வரை அலைய வேண்டியதில்லை. மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். கணவனுக்கு அம்பத்தூர், மனைவிக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றால் நான் யோசிக்காமல் திருவள்ளூரைச் சொல்வேன்.

எனக்குக் கவலை தருவது தண்ணீர். பழைய செங்கல்பட்டு மாவட்டமே ஏரிகளால் வாழ்ந்த பூமி. செங்கல்பட்டில் ரயில் ஜன்னலை நிறைக்கும் கொளவாய் ஏரி கோடையிலும் வற்றாதது என்று பெயர் வாங்கியது. ஊர்க் கழிவுநீர் அதில் கலந்து நாளாகிறது. திருவள்ளூர்ப் பக்கம் 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. அது போதாமல் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரும் சென்னைக்கே விலைக்குப் போனது. இவ்வளவு தண்ணீரைத் தந்த ஊரில் குடியேறுபவர், தன் வீட்டு போர்வெல்லில் கோடையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தே ஆக வேண்டும்.

மழைக்காலக் கேள்வி வேறு. ஏரிப் பாசன வயல்கள் பல இன்று மனைப்பிரிவுகளாகிவிட்டன. ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம் என்று விளம்பரம் வைப்பவர், அந்த மனை முன்பு எந்த ஏரியின் ஆயக்கட்டு என்று சொல்லமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் தண்ணீருக்குத் தன் பழைய வழி தெரியும். டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு மதகு எங்கே, கலங்கல் எந்தப் பக்கம் வழியும் என்று அங்கே பயிர் செய்த பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். அட்வான்ஸை அதன்பிறகு கொடுக்கலாம்.